பசி தீர்ந்த பின்னும் நின்ற சட்டம்

2022 மார்ச் 31, வியாழக்கிழமை. அன்று நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு. இருட்டிய பிறகு நுகேகொடை மிரிஹானையில், பெங்கிரிவத்தை வீதியில் இருந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் சொந்த வீட்டை நோக்கி மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். கட்சிக் கொடி இல்லை, மேடை இல்லை. எரிவாயு சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வாரக்கணக்கில் கியூவில் நின்று களைத்தவர்கள் அவர்கள். நள்ளிரவுக்கு முன்பே கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்துவிட்டன. பஸ் ஒன்று எரிந்தது. ஐம்பது பேர் வரை கைதானார்கள். நுகேகொடைப் பொலிஸ் பிரிவில் ஊரடங்கு போடப்பட்டது. மறுநாள் ஜனாதிபதி ஊடகப் பிரிவு, தீவிரவாதக் குழுவொன்று பின்னால் இருந்ததாக அறிவித்தது. ஏப்ரல் 1 இரவு அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

அந்தப் பிரகடனம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை அன்று பலர் கவனிக்கவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கம். சுதந்திரத்துக்கும் முந்திய சட்டம் அது. அதுவும் விலைவாசி தாங்காமல் தெருவுக்கு வந்தவர்களை அடக்குவதற்காகவே பிறந்தது. இந்த ஒரு சட்டத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால், உலகப் பொருளாதார நெருக்கடி எந்த வழியால் எதேச்சாதிகாரத்துக்கும் போருக்கும் இட்டுச் செல்கிறது என்பதை இலங்கை அளவில் கண்ணால் காணலாம்.

பொதுவாகச் சொல்லப்படும் சூத்திரம் எளிதானது: பஞ்சம் வந்தால் சர்வாதிகாரி வருவான், அவனோடு போரும் வரும். அதற்குச் சான்றாக எப்போதும் ஜெர்மனிதான் முன்வைக்கப்படும். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. 1929இல் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. 1930இல் அந்த வாக்கு 18.3 சதவீதமாயிற்று, 60 இலட்சம் பேர் வேலையின்றி நின்ற 1932இல், ஜூலைத் தேர்தலில், 37.3 சதவீதம். இந்த எண்களை மறுக்க முடியாது. ஆனால் 1933இல் அமெரிக்காவிலும் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே தேர்தலால் வந்த ரூஸ்வெல்ட் தேர்தலுக்குள்ளேயே நின்றார். சுவீடனில் தொழிலாளர் கட்சியும் விவசாயிகளின் கட்சியும் அதே ஆண்டில் உடன்பாட்டுக்கு வந்தன. பசி ஒன்றே காரணமென்றால் இந்த நாடுகளின் பாதை ஏன் பிரிந்தது?

வேறுபாட்டை ஜெர்மனியின் அரசியலமைப்புக்குள் தேட வேண்டும். அதன் 48ஆம் உறுப்புரை, நாடாளுமன்றத்தைத் தாண்டி அவசர ஆணைகள் பிறப்பிக்க ஜனாதிபதிக்கு இடம் கொடுத்தது. 1930இல் பதவிக்கு வந்த ஹைன்ரிஷ் புரூனிங் ஹிட்லரைப் போன்றவர் அல்லர். வரவு செலவைச் சமப்படுத்த வேண்டும் என்பதில் பிடிவாதம் கொண்ட மிதவாதி. சம்பள வெட்டையும் உதவித்தொகை வெட்டையும் நாடாளுமன்றம் ஏற்காதபோது அவர் அவசர ஆணைகளால் ஆண்டார். 1931இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களைவிட அவசர ஆணைகளின் எண்ணிக்கை அதிகமாயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஜெர்மானியர் நாடாளுமன்றம் இல்லாத ஆட்சிக்குப் பழகிவிட்டார்கள். 1933 பெப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், குடிமக்களின் அடிப்படை உரிமைகளைப் பறித்த ஆணையும் அதே 48ஆம் உறுப்புரையின் கீழ்தான் வந்தது. சிக்கனத்துக்காகத் திறந்த கதவால் சர்வாதிகாரம் நுழைந்தது.

அதே உலகப் பெருமந்தம் இலங்கையை அடைந்தபோது நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. தேயிலை, இறப்பர், கொப்பரா மூன்றின் விலையும் விழுந்தது. தோட்டங்கள் மூடப்பட்டன. அந்தக் காலத்தின் நடுவில், 1931 ஜூனில், ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமையோடு இந்தத் தீவு தன் முதல் தேர்தலை நடத்தியது. 1934–35இல் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். வாக்குள்ள ஏழையின் பசியை அரசாங்கத்தால் ஒதுக்க முடியவில்லை. பின்னாளில் இலவசக் கல்வியும் கூப்பன் அரிசியும் இலவச மருத்துவமும் வேர்விட்டது இந்த மண்ணில்தான்.

அந்தக் காலத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1920களில் கொழும்புத் தொழிலாளரை இன வேறுபாடின்றித் திரட்டி வேலைநிறுத்தங்களை வழிநடத்திய ஏ.ஈ. குணசிங்க, வேலைகள் அருகிய 1930களில் அதே தொழிலாளரிடம் மலையாளிகளை வெளியேற்றச் சொன்னார். 1939இல் அரசாங்கமே தன் திணைக்களங்களில் நாட்கூலியாக இருந்த இந்தியரை நிறுத்த முடிவெடுத்தது. நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பலனில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடை செய்தது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் “இருக்கும் சோற்றில் பங்கு கேட்பவன்” என்ற சித்திரம் தீட்டப்பட்டது பெருமந்தத்தின் ஆண்டுகளில். நெருக்கடி முதலில் ஒரு கேள்வியைத்தான் எழுப்புகிறது: இதற்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு யார் முந்திப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் மீதி எல்லாம் தங்கியிருக்கிறது.

இனி அந்தச் சட்டம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கொழும்பில் அரிசியும் துணியும் தட்டுப்பாடு. விலைகள் ஏறியிருந்தன, சம்பளம் ஏறவில்லை. 1947 மே, ஜூன் மாதங்களில் துறைமுகம், தொழிற்சாலை, அரச அலுவலகம் என்று பொதுவேலைநிறுத்தம் பரவியது. வெள்ளைச் சட்டை எழுதுவினைஞர்கள் முதன்முறையாகத் தொழிலாளரோடு சேர்ந்தார்கள். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவர் டி.பி. இலங்கரத்ன வேலை இழந்தார். ஜூன் 5 அன்று ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டதில் வி. கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். சிங்களத் தோழர்களோடு தோளுரசி நடந்த ஒரு தமிழர், சம்பள உயர்வுக்காக விழுந்த அரச ஊழியர். அந்த நாட்களில்தான் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசர அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. அவசரகால நிலை பிரகடனமானால் நிறைவேற்று அதிகாரமே ஒழுங்குவிதிகளை எழுதலாம். அவை சாதாரண சட்டங்களுக்கு மேலாக நிற்கும். விசாரணையின்றித் தடுத்து வைக்கலாம். கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடுக்கலாம். எட்டு மாதம் கழித்துச் சுதந்திரம் வந்தது. சட்டம் போகவில்லை.

அடுத்த அதிர்ச்சி கொரியாவிலிருந்து வந்தது. 1950இல் அங்கே போர் மூண்டதும் இறப்பர் விலை ஏறி இலங்கையின் கையில் பணம் புரண்டது. ஓராண்டு கழித்து அந்த விலை விழுந்தது. அரிசியின் உலக விலை விழவில்லை. சீனாவோடு 1952இல் செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் ஓரளவு மூச்சு விட வைத்ததே தவிர, மானியச் சுமையைத் தீர்க்கவில்லை. 1953 ஜூலையில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, மரங்கள் வீதிக்குக் குறுக்கே விழுந்தன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ‘நியூஃபவுண்ட்லாண்ட்’இல் அமைச்சரவை கூடியது. அவசரகால நிலை, துப்பாக்கிச்சூடு, சாவுகள். அக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

ஹர்த்தால் ஒரு அரசாங்கத்தின் அடித்தளத்தை ஆட்டியது. ஆனால் அந்தக் கோபத்தை 1956இல் அறுவடை செய்தவர் ஹர்த்தாலை வழிநடத்தாத எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அரிசிக்காகத் தெருவுக்கு வந்த கிராமத்துக்குச் “சிங்களம் மட்டும்” மொழிச் சட்டம் பதிலாகக் கிடைத்தது. 1958 மே கலவரத்தின்போது அதே கட்டளைச் சட்டம் கையிலெடுக்கப்பட்டது. 1961இல் வடகிழக்கில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை முடித்து வைத்ததும் அதுவே. பொருளாதாரக் கோரிக்கைக்காகத் தீட்டிய கத்தி இனக் கோரிக்கை மீது இறங்கியது முதலில் இங்கேதான்.

1970களில் சற்றுத் தரித்துச் செல்ல வேண்டும்.

1970 மேயில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி கூடுதல் கூப்பன் அரிசி தருவதாக வாக்களித்து வந்தது. படித்துவிட்டு வேலையின்றி இருந்த தெற்கின் இளைஞர் 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) பெயரில் ஆயுதம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதற்கு முந்திய மாதம், மார்ச்சில், பிரகடனமான அவசரகால நிலை 1977 பெப்ரவரி வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், நீடித்தது. கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கியிருந்தது. ஆறு ஆண்டுகள் அவசரகாலத்தைத் தாங்கிப் பிடித்தது இன்னொன்று: 1973 அக்டோபர் அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் உலகில் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று, கோதுமையும் சீனியும் அதோடு ஏறின. தேயிலை விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் எதிர்பார்த்திருந்த தீவு திணறியது.

அந்த ஆண்டுகளை வாழ்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்: விடியுமுன் பாண் கியூ, மரவள்ளிக் கிழங்கு, உணவகங்களில் சில நாட்களில் சோறு பரிமாறத் தடை, வீதித் தடைகளில் அரிசிப் பைச் சோதனை. அதே காலத்தில் நடந்த மற்றவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1972 அரசியலமைப்பு அரசாங்கத்தின் ஆயுளைத் தேர்தலின்றி 1977 வரை நீட்டியது. 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் கைக்குப் போனது. 1974இல் தவச குழுமத்தின் அச்சகம் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் மூடி முத்திரையிடப்பட்டது. தமிழர் வாசித்த ‘தினபதி’யும் ‘சிந்தாமணி’யும் அதோடு நின்றன. பசியைப் பற்றி எழுதக்கூடிய பத்திரிகையைப் பூட்டிய சாவி, பசியின் பெயரால் கிடைத்த சாவி.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது ஒன்று. 1947இல் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தெருவில் நின்றவர்களும், 1953இல் ஹர்த்தாலை வழிநடத்தியவர்களும் சமசமாஜிகள். 1970இல் நிதியமைச்சரான என்.எம். பெரேரா அவர்களில் தலையாயவர். 1972 அரசியலமைப்பை எழுதிய கொல்வின் ஆர். டி சில்வாவும் அப்படியே. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு ஆண்டதாக நான் நினைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த விலையேற்றத்துக்கு முன் அவர்களிடமும் அதிக கருவிகள் இல்லை. இருந்த கருவியை எடுத்தார்கள்.

அதே பற்றாக்குறை தமிழரில் மூன்று பகுதியினரை மூன்று விதமாகத் தொட்டது. வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தடை வந்ததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் கிளிநொச்சி, விசுவமடுவில் குடியேறிய இளைஞருக்கும் நல்ல விலை கிடைத்தது. வலிகாமத்தில் கல்வீடுகள் எழுந்தன. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு தரப்படுத்தலால் ஒடுங்கியது. குறைந்த இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதும் பற்றாக்குறையின் கணக்குத்தான், ஆனால் அது இனக் கணக்காகப் போடப்பட்டது. தெற்கில் விலை கொடுத்து மிளகாய் வாங்கியவருக்கு யாழ்ப்பாணம் பணத்தில் மிதப்பதாகத் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பணம் இருந்தும் எதிர்காலம் இல்லை என்று தோன்றியது. இரண்டு மனக்குறையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. தனித் தமிழ் நாடு கோரிய 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின்னால் நின்ற இளைஞர் பட்டினி கிடந்தவர்களல்லர், வழி அடைக்கப்பட்டவர்கள்.

பட்டினி கிடந்தவர்கள் மலையகத்தில் இருந்தார்கள். மரவள்ளி நடக்கூடச் சொந்தமாக நிலம் இல்லாத லயத்து வாழ்க்கை. கூப்பன் மாவு குறைந்ததும் வேறு வழியில்லை. 1973–74இல் தோட்டங்களில் சாவு வீதம் உயர்ந்தது. ஹற்றன், நாவலப்பிட்டி, கண்டி வீதிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் கையேந்தினார்கள். தோட்டங்கள் அரசுடைமையானபோது பலர் துரத்தப்பட்டனர். 1977 மேயில் டெவன் தோட்டத்தில், தொழிலாளரின் காணியைப் பங்கிட வந்ததை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். வவுனியா, கிளிநொச்சிக்கு நடந்தும் லொறியிலும் போய்க் குடியேறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலரைப் பின்னர் போர் தின்றது. இந்தத் தொடர்பைப் போர் வரலாறுகள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை.

ஏழாண்டுக் கியூவின் கோபம் 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 168இல் 140 ஆசனங்களை அள்ளிக் கொடுத்தது. ஒரு கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு. நெருக்கடி கொடுத்த இந்தப் பெரும்பான்மை பற்றித் தனியே சிந்திக்க வேண்டும். 2020இலும் இதே போக்கு திரும்பியது. சலித்துப்போன மக்கள் “ஒரு பலமான கை” வேண்டுமென்று நினைக்கும்போது, அந்தக் கையை எதிர்காலத்தில் கட்டக்கூடிய கயிறுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். 1977க்கு அடுத்த ஆண்டே நிறைவேற்று ஜனாதிபதி முறை. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம், 48ஆம் இலக்கம். தற்காலிகமென்று வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. அதே 1979இல் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம், 61ஆம் இலக்கம். ஒன்று வடக்கின் இளைஞரைக் குறித்தது, மற்றது தெற்கின் தொழிலாளரை. ஒரே ஆண்டு, ஒரே நாடாளுமன்றம். இரண்டையும் இரண்டு வரலாறுகளாகப் படிக்கும் பழக்கம் நம்மை ஏமாற்றியிருக்கிறது.

ஈரானியப் புரட்சிக்குப் பின் எண்ணெய் மறுபடி ஏறியது. திறந்த பொருளாதாரத்தில் மானியம் குறைந்து, 1980இல் பணவீக்கம் 25 சதவீதத்தைத் தாண்டியது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு ஜூலையில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்தது. வேலைக்கு வராதவர் பதவியைத் துறந்தவராகக் கருதப்பட்டார். ஏறக்குறைய 40,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் ஒரே பாயில் அமர்ந்து பேசிய கடைசிப் பெரிய அமைப்பு அந்த ஜூலையில் முறிந்தது. வேலைநிறுத்தக்காரரையும் எதிர்க்கட்சிக் கூட்டங்களையும் அடிக்க ஆளும் கட்சியின் தொழிற்சங்கக் குண்டர்கள் பயன்படுத்தப்பட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, இன்னொரு ஜூலையில், வாக்காளர் பட்டியலோடு வெள்ளவத்தையிலும் பொரளையிலும் தமிழ் வீடுகளைத் தேடி வந்தவர்களிடையே அதே ஆட்கள் இருந்ததாக அக்காலத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இடையில் 1982 டிசம்பர் 22. பொதுத் தேர்தல் வேண்டாம், இருக்கும் நாடாளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டு தொடரட்டும் என்று கேட்ட சர்வசன வாக்கெடுப்பு. விளக்குச் சின்னம் ஆம், பானைச் சின்னம் இல்லை. 54.66 சதவீதத்தால் விளக்கு வென்றது. குறையைச் சொல்லும் வாசல்களான தேர்தல், தொழிற்சங்கம், பத்திரிகை எல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்ட வீட்டில் 1983 ஜூலைக் கலவரமும், அதோடு போரும் வந்தன.

சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க அந்தக் கலவரம் நடந்த சூட்டோடேயே ஒரு விளக்கம் தந்தார். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உரிமமும் கோட்டாவும் அரசியல் செல்வாக்கால் கிடைத்தன. அதில் வளர்ந்தது சிங்களச் சிறு, நடுத்தர முதலாளி வகுப்பு. சந்தை திறந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஏற்கெனவே அரசின் தயவில்லாமல் பிழைக்கப் பழகியிருந்த தமிழ், முஸ்லிம் வணிகர் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தார்கள். விழுந்தவரின் கண்ணுக்கு நின்றவர் எதிரியாகத் தெரிந்தார். யாழ்ப்பாணத்து மிளகாய்க்காரரும் அந்தத் திறப்பில் நொடித்தார் என்பதை அந்தக் கண் காணவில்லை. நியூட்டன் குணசிங்கவின் விளக்கம் முழுவதையும் தாங்காது. 1958க்கு அது பொருந்தாது. ஆனால் ஒரு பொருளாதாரக் கொள்கை யாரைத் தூக்குகிறது, யாரைத் தள்ளுகிறது என்பது இன வரைபடத்தில் எப்படி வாசிக்கப்படும் என்று நம்மிடம் கேட்ட முதல் சில குரல்களில் அது ஒன்று.

1983 மேயில் பிரகடனமான அவசரகால நிலை சில மாத இடைவெளிகள் தவிர 2001 வரை நீண்டது. 2005 ஆகஸ்டிலிருந்து 2011 வரை மறுபடி. கொழும்புத் தமிழருக்கு அந்தச் சட்டம் ஒரு புத்தகத்தில் இருக்கும் விடயம் அல்ல. பொலிஸ் பதிவுத் துண்டு, அதிகாலைச் சுற்றிவளைப்பு, அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்து மாறும் முகம். 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 28 மாலை நுகேகொடைச் சந்தியில் துணிக்கடை வாசலில் வெடித்த குண்டில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 138 பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளைக்குச் சட்டை வாங்க வந்தவர்கள். தொடர்ந்த நாட்களில் கொழும்பெங்கும் தமிழர் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள். அந்தக் குண்டுக்கும் அந்தப் பிடிப்புக்கும் 1973இன் பாண் கியூவோடு நேர்த் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கிருந்து இங்கே வரும் பாதையில் பாலம் போட்டவை அந்த ஆண்டுகளின் சட்டங்கள்.

போருக்கு ஆள் சேர்ந்த விதத்திலும் பொருளாதாரம் இருந்தது. மழை பொய்த்த அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலைக் கிராமங்களில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் ஒரே வேலை இராணுவமாக இருந்தது. சவப்பெட்டி வந்த வீடுகளில் பல, கூரை ஓடு போட அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தவை.

மறுபடி மிரிஹானைக்கு வருவோம். 2015 பெப்ரவரி 18 அன்று, தோற்றுப்போன மஹிந்த ராஜபக்ஷவை மீட்டெடுக்கும் முதல் பெருங்கூட்டம் நடந்ததும் நுகேகொடையில்தான். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு “பலமான கை” வேண்டுமென்ற ஏக்கம் அந்த அலையோடு சேர்ந்து கோட்டாபயவுக்கு 52.25 சதவீதம் தந்தது. 2020 அக்டோபரில் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையை இன்னும் நீட்டியது. வற் வரி அதற்கு முன்பே 15இலிருந்து 8 சதவீதமாகியிருந்தது. கொரோனாவில் சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும் வற்றின. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2021 ஆகஸ்ட் 30 அன்று அரிசி, சீனிப் பதுக்கலைத் தடுக்கவென்று அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே எடுக்கப்பட்டது. உணவு விநியோகத்துக்குப் பொறுப்பாக ஒரு மேஜர் ஜெனரல் நியமிக்கப்பட்டார். 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. எண்ணெய் பீப்பாய் 100 டொலரைத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. மே மாதம் கையில் பயன்படுத்தக்கூடிய டொலர் 5 கோடிக்கும் குறைவென நிதியமைச்சர் அலி சப்ரி சொன்னார். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947. கொரியாவுக்குப் பின் 1953. அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் 1973. ஈரானுக்குப் பின் 1980. உக்ரைனோடு 2022. இந்தத் தீவின் பெரும் பசிகள் பெரும்பாலும் வேறெங்கோ மூண்ட நெருப்பின் புகை. அந்தப் புகையால் இங்கே ஒரு சட்டம் எழுதப்படுகிறது அல்லது தூசு தட்டப்படுகிறது. கப்பல் திரும்பி வருகிறது, கியூ கலைகிறது, சட்டம் மட்டும் நிற்கிறது. பிறகு அது வேறொருவர் மேல் பாய்கிறது.

ஆனால் 2022இல் ஒரு மாறுதலும் நடந்தது. இவ்வளவு கொடிய நெருக்கடியில் சிறுபான்மையினர் மீது கலவரம் வரவில்லை. தீவிரவாதக் குழு என்ற பழைய வார்த்தையை யாரும் வாங்கவில்லை. என் கணிப்பில் காரணம் இது: எல்லா அதிகாரமும் ஒரு வீட்டில் குவிந்திருந்தபடியால் பழியைச் சுமக்க வேறு யாரும் மிஞ்சவில்லை. நாங்கள் நின்ற கியூவில் சிங்களத் தாயும் முஸ்லிம் முதியவரும் தமிழ் ஆசிரியையும் ஒரே சிலிண்டருக்குக் காத்திருந்தோம். ஏப்ரல் 1 அன்று, கைதானவர்கள் கங்கொடவில நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணமின்றி ஆஜரானார்கள். அப்படியும் வெள்ளவத்தை உறவினர் பலர் காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்கு வரத் தயங்கினார்கள். “எங்களுக்கு இந்தச் சட்டம் புதிசில்லை, தம்பி. உங்களைப் பிடிச்சா நாளைக்கு விடுவினம். எங்களைப் பிடிச்சா?” என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. 2009இல் போரின் இறுதி நாட்களில் வன்னியில் உயிர் காத்த உப்புக் கஞ்சியைச் சிங்கள இளைஞர் வரிசையில் நின்று கையில் வாங்கிக் குடித்தார்கள். பசியும் போரும் ஒரே சிரட்டையில் இருந்தன. தெற்கில் அப்படியொரு நாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜூலை 13 அன்று கோட்டாபய மாலைதீவுக்குப் போனார். அந்த மாதம் 17ஆம் திகதி பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையை அறிவித்தார். 22ஆம் திகதி விடியுமுன் காலிமுகத்திடல் கூடாரங்கள் படையினரால் பிய்த்தெறியப்பட்டன. ஆகஸ்டில் மூன்று சிங்கள மாணவத் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்த்தது. அதே வறுமை, 2023 ஜனவரியில், 200,783 பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கும் திட்டத்தையும் அறிவிக்க வைத்தது. வெறும் கஜானாவால் தேர்தலையும் நிறுத்தலாம், படையையும் குறைக்கலாம். எதைச் செய்வதென்று அரசியல்தான் தீர்மானிக்கிறது. 2024 செப்டெம்பரில் மக்கள் கியூவின் கணக்கை வாக்குச்சீட்டில் தீர்த்தார்கள். அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். பெருமந்தத்தின் நடுவில் 1931இல் தொடங்கிய அந்தப் பழைய பழக்கம் இன்னும் உயிரோடு இருந்தது.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், 2022 ஜூலை 17 அவசரகாலப் பிரகடனம் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதெனப் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. தவறென்று சொல்லப்பட்டது அந்த ஒரு பிரகடனம். கந்தசாமி விழுந்த மாதத்தில் எழுதப்பட்ட கட்டளைச் சட்டம், 25ஆம் இலக்கத்தோடு, சட்டப் புத்தகத்தில் அதன் இடத்தில் இருக்கிறது.